ராணியின் காலடியில் நாய்க்குட்டி

இங்கிலாந்து அரசர் ஒருவரின் மாளிகையில் ராணியின் ஓவியம் மாட்டியிருந்தது. அவள் காலடியில் ஒரு நாய்க்குட்டியும் வரையப்பட்டிருந்தது.

அரசர் அந்த ராணியின் தலையை வெட்டச் சொல்லிவிட்டு, வேறொருத்தியை மணந்தார். ஆனால் ஓவியத்தைத் தூக்கியெறிய மனம் வரவில்லை. அதிலிருந்த பொன்சரிகை உடையை வரையவே ஒரு கோடைகாலம் முழுக்க ஆகியிருந்தது. "முகத்தை மட்டும் மாற்று" என்று ஓவியருக்கு உத்தரவு வந்தது.

தூரிகை பழைய முகத்தின்மேல் வெள்ளை பூசத் தொடங்கியது.

"தூரிகையண்ணா, ராணியம்மாவை என்ன செய்கிறாய்?" என்று நாய்க்குட்டி பதறியது.

"நானா செய்கிறேன்? ஓவியர் கை இழுக்கிற பக்கம் போகிறேன்."

"அம்மா இனி எங்கே இருப்பார்?"

"இங்கேதான், வண்ணத்துக்கு அடியில். யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்."

புதிய முகம் வந்தது. நாய்க்குட்டி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

புது ராணி பார்க்க வந்தாள். "நான் அழகாகத்தான் இருக்கிறேன். இந்த நாய் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது? இதை மறைத்துவிட்டு ஒரு பூச்சாடி வரையுங்கள்."

தூரிகை நாய்க்குட்டியின் அருகே வந்து தயங்கியது.

"ஒரு தடவை அவளைப் பார்த்து வாலாட்டியிருக்கக் கூடாதா, பைத்தியமே? பிழைத்திருப்பாயே."

"வரவில்லை, அண்ணா. என்னையும் அம்மா இருக்கும் அடியிலேயே விட்டுவிடு."

தூரிகை முதலில் அதன் முகத்தை மூடியது. பிறகு காதுகளை, முதுகை மூடியது. வாலுக்கு வந்தபோது அதனால் பூச முடியவில்லை.

வால் ஆடிக்கொண்டிருந்தது.