நீலப் புள்ளி

அவன் எஞ்சினை நிறுத்தினான்.

போனில் சிக்னல் ஒரே கோடாகச் சுருங்கியிருந்தது. இன்னும் அரை மைல் போனால் அதுவும் போய்விடும்.

வள்ளத்தின் முன்முனையில், அணியத்துப் பலகையில் இரண்டு கருவிகள் கிடந்தன. உப்புப் பூத்த மஞ்சள் ஜிபிஎஸ் ஒன்று. பிளாஸ்டிக் பைக்குள் போன் ஒன்று.

ஜிபிஎஸ் பாருக்கு வழி காட்டியது. இன்னும் ஏழு மைல். தண்ணீருக்கடியில் கிடக்கும் அந்தப் பாறைத் திட்டை அவனே தேடிக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் குறித்து வைத்திருந்தான். அடுத்த வள்ளம் பக்கத்தில் வந்தால் திரையைக் குப்புறக் கவிழ்த்துவிடுவான். அங்கே எல்லாரும் அப்படித்தான். கூடப்பிறந்தவனுக்கும் பாரைக் காட்டுகிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை.

போன் அதற்கு நேர்மாறு. அவன் எங்கே இருக்கிறான் என்று குவைத்தில் வீட்டு வேலை பார்க்கும் மனைவி மெற்றில்டாவுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது அவள்தான் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அதில் அவன் ஒரு நீலப் புள்ளி. காலையில் எழுந்ததும் புருஷனைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டு அடுக்களைக்குள் நுழைவாளாம்.

இரண்டு கருவியோடு திரிகிறவனைக் கரையில் ரெண்டு பெண்டாட்டிக்காரன் என்று கேலி செய்தார்கள். எவள் பேச்சைக் கேட்பான் என்று பந்தயம் வேறு.

அவன் இரண்டு பேச்சையும் கேட்டான். இந்த இடம் வரைக்கும் போன். இதற்கு அப்பால் ஜிபிஎஸ்.

சிக்னல் போனதும் புள்ளி இங்கேயே நின்றுவிடும். அவன் பாருக்குப் போய், மீன் பிடித்து, திரும்பி வரும்வரை அது அசையாது.

அந்த இடத்தில் மீன் நிறையக் கிடக்கிறதா என்று மெற்றில்டா கேட்பாள். கிடக்கிறது என்பான். கரை தெரிகிற தூரம்தான் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. கடைசியாக எத்தனை மணிக்குக் காட்டியது என்று புள்ளிக்குக் கீழே பொடியாக இங்கிலீஷில் போட்டிருக்கும். அவள் அதையெல்லாம் எங்கே படிக்கப்போகிறாள் என்று விட்டுவிட்டான்.

வீடு கட்டுவதற்காகப் போனவள். வீடு முடிந்துவிட்டது. மூன்று அறை. அவன் முன்னறையில் மட்டும் புழங்கினான். மற்ற இரண்டிலும் விளக்கைப் போட்டால் அவள் இல்லாதது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

நேற்று சாயங்காலம் பேசினாள். காய்ச்சல். வேலை பார்க்கும் வீட்டுக்காரர்கள் வெளியூர் போய்விட்டார்கள். மாடி அறையில் ஒற்றையாகப் படுத்திருக்கிறாள். நாளைக்குப் பூராவும் உங்களத்தான் பாத்துக்கிட்டுக் கெடப்பேன் என்றாள்.

அதுதான் எஞ்சினை நிறுத்த வைத்தது.

பாருக்குப் போனாலும் அவளுக்குத் தெரியாது. புள்ளி வழக்கம்போல இங்கே நிற்கும். ஆனால் இன்றைக்கு அவள் காய்ச்சலோடு நாள் முழுக்க ஆளில்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.



நாளையிலிருந்து கச்சான் காற்று. பத்து நாளைக்கு யாரும் கடலுக்குப் போக முடியாது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

தெற்கேயிருந்து ரொசாரியின் வள்ளம் வந்தது. வேகத்தைக் குறைத்து, எஞ்சின் மக்கர் செய்கிறதா என்று கேட்டான். நீரோட்டம் அருமையாக இருக்கிறது, விளமீன் ஏறிக் கிடக்கிறது, இங்கே என்ன வேலை என்று சத்தம் போட்டான்.

அவன் போ போ என்று கையைக் காட்டினான். அதற்குள் மற்றக் கை தன்பாட்டுக்கு ஜிபிஎஸ்ஸைக் கவிழ்த்திருந்தது. போகாத பாரை யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

ரொசாரியின் வள்ளம் சிறுத்து, சத்தமும் ஓய்ந்தது.

நங்கூரத்தை இறக்கினான்.

சும்மா இருக்க முடியாமல் தூண்டிலைப் போட்டான். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பேத்தை மீன் மாட்டியது. வயிற்றை ஊதிக்கொண்டு முறைத்தது. கழற்றி விட்டான். கொஞ்ச நேரத்தில் அதுவோ அதன் தங்கச்சியோ மறுபடி வந்து கடித்தது. அதையும் விட்டான்.

வெயில் ஏறியது. வள்ளம் நங்கூரக் கயிற்றின் நீளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமில்லை. பாரில் மீன் ஏறினால் வீட்டு நினைப்பே வராது. இங்கே அது மட்டும்தான் வந்தது.

போன் அதிர்ந்தது.

அவள் பேசி அனுப்பியிருந்தாள். பையோடு சேர்த்துக் காதில் வைத்துக்கொண்டான். காய்ச்சலில் குரல் கட்டியிருந்தது.

“நங்கூரம் போட்ட வள்ளமும் லேசா ஆடத்தான செய்யும். நான் கடக்கரையில பொறந்தவதான? உங்க புள்ளி இத்தன நாளா ஆடுனதே இல்ல. இன்னைக்குத்தான் ஆடுது.”

இருமினாள். முடிந்துவிட்டது என்று நினைத்தான். முடியவில்லை.

“இன்னைக்கு ஒரு நாள் பாருக்குப் போயிராதிய.”

இரண்டு தடவை கேட்டான்.

எழுந்து நங்கூரத்தை இழுத்து வள்ளத்துக்குள் போட்டான். நீரோட்டம் வள்ளத்தைக் கரைக்கு இணையாகவே வடக்கே கொண்டுபோகத் தொடங்கியது.

புள்ளி நகர்வதை அவள் பார்க்கட்டும் என்று, சிக்னல் போய்விடாதபடி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.