ஊல்கான் சொன்ன ஓமின்

"இந்த ஊர்ல சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?"

தேசியப் பூங்காவைச் சுற்றிவிட்டு மலையிறங்குகிற எல்லாரும் கேட்கிற கேள்வி. கோக்-தோபே கிராமத்தில் அதற்குப் பதில் சொல்வது வேன் டிரைவர்கள்தான். அவர்கள் கைகாட்டுகிற கடையில்தான் அடுப்பு எரியும்.

இத்தனை வருஷமாக டிரைவர் சமத் கைகாட்டியது ஊல்கான் கடையை. அன்று மாற்றிச் சொன்னான்.

"புதுக் கடை ஒண்ணு இன்னிக்குத்தான் திறக்குறாங்க. வாங்க."

கனிஷாய் புருஷனைப் பறிகொடுத்தவள். வீட்டு முன்னறையையே சாப்பாட்டுக் கடையாக்கியிருந்தாள். தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வந்த ஆறு பேரைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சமத் அண்ணா, இவங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டா மத்த டிரைவருங்களும் வருவாங்கல்ல?"

"வராம எங்க போவானுங்க? தைரியமா பரிமாறு தங்கச்சி."

ரொட்டி, தேநீர் முடிந்து, ஆட்டுக்கறி குவித்த பெஷ்பர்மாக் தட்டு வந்து இறங்கிய நேரம், வாசலில் ஊல்கான்!

"என்ன, எதிர்க்கடைக்காரியை எல்லாம் கூப்பிட மாட்டீங்களோ?"

கேட்டுக்கொண்டே வந்து பெரியவர்கள் உட்காரும் இடத்தில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். வாசலேறி வந்தவரைப் போ என்று சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது. இருந்ததிலேயே வயதில் மூத்தவளும் அவள்தான். மூத்தவர் முதல் வாய் எடுக்காமல் யாரும் தட்டில் கை வைக்க மாட்டார்கள்.

ஊல்கான் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

உடனே இரு கைகளையும் ஏந்தினாள். "இந்த வீட்டு அடுப்பு அணையாம எரியட்டும். ஓமின்!" என்று முகத்தைத் தடவிக்கொண்டாள்.

தீர்ந்தது கதை. பெரியவர் ஓமின் சொல்லிவிட்டால் பந்தி முடிந்தது. அதற்கு மேல் ஒரு வாய் தொடக்கூடாது. ஆறு பேரும் பசியோடு முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள்.

"என் கடையில சூப் கொதிக்குது, வாங்க" என்றாள் ஊல்கான், கூசாமல்.

அதோடு விட்டாளா? விருந்தில் மிஞ்சிய கறியைக் கட்டிக்கொண்டு போவது அங்கே வழக்கம்தான். அதற்காக இப்படியா? தட்டில் இருந்தது, பானையில் இருந்தது, ஒரு எலும்பு விடாமல் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கனிஷாய் சுவரில் சாய்ந்து விசும்பினாள். சமத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே ஊல்கான் கடைப் பின்கட்டுக்குப் போனான்.

"உனக்கெல்லாம் வெக்கமே கிடையாதா? புருஷனை இழந்தவ வயித்துல அடிச்சிட்டியே!"

ஊல்கான் சுவரைப் பிடித்துக் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குழி. அதற்குள் கறி மூட்டை, பாதி மண் தள்ளியபடி.

"கத்தாதடா. கறி கெட்டுப் போச்சு. நேத்துப் பூரா கரண்ட் இல்ல. வெங்காய வாசனையில உங்களுக்குத் தெரியல. அவளுக்குச் சளி, மூக்கடைப்பு."

"அய்யோ, துப்பியிருக்கலாமே அக்கா!"

"துப்பினா ஆறு பேரும் பார்ப்பாங்க. அப்புறம் அந்தக் கடைப் பக்கம் ஒருத்தன் தலைவச்சுப் படுப்பானா?"

சமத் மீதி மண்ணையும் குழிக்குள் தள்ளினான்.

"என்னைப் பெரிய மகராசின்னு நினைக்காத. எப்படிச் சமைச்சிருக்கான்னு வயித்தெரிச்சல்லதான் வந்தேன். வாயில போட்டப்புறம் வேற வழி தெரியல."

"உன் மனசு யாருக்கு வரும் அக்கா! நான் இப்பவே கனிஷாய்கிட்டப் போய்..."

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். தெரிஞ்சா அவ நாளைக்கு அடுப்பே பத்த வைக்க மாட்டா. நாளைக்கு நீயும் அங்கதான் வண்டிய நிறுத்துற, மத்தவனுங்களும் அங்கதான் நிறுத்துறானுங்க."

"திடீர்னு ஏன்டா அங்க போகணும்னு கேட்பானுங்களே. என்ன சொல்றது?"

ஊல்கான் தலைத்துணி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொறாமை பிடிச்ச கிழவி கடைக்கு இனிமே போகாதீங்கடான்னு சொல்லு. நல்லா சத்தமா சொல்லு."