மோட்டார் ரூம்

காலை வாய்க்காலுக்குள் விட்டார். சில்லென்று ஏறியது.

"அடி சக்கை" என்று தண்ணீரிடமே சொன்னார்.

வீக்கம் முழங்கால்வரை வந்துவிட்டது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி நிரம்பவே மாட்டேன் என்றது.

எதிர்க்கரையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. இரண்டு காலை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்தாயா என்று அதைக் கேட்டார். கொக்கு மீனைத்தான் பார்த்தது.

மடியில் கொஞ்சம் இலந்தைப் பழம் இருந்தது. ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பினார். நேற்று மதியத்துக்குப் பிறகு அதுதான் சாப்பாடு. ஆனாலும் நல்ல பழம். முதுகில் தை மாத வெயில். எங்கேயோ யாரோ வைக்கோல் போர் போடுகிற வாசனை.

இதையெல்லாம் யாரையும் கேட்டு அனுபவிக்க வேண்டியதில்லை. படுக்க ஓர் இடத்துக்குத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கோயில் மண்டபத்துக்குக் கம்பிக் கதவு போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேன் வந்துவிட்டான். பஸ் நிழற்குடை பெஞ்சில் யாரும் படுத்துவிடக் கூடாதென்று நடுநடுவே இரும்பு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவருக்கு ஓர் இடம் இருந்தது.

அறுவடை முடிந்ததும் ஊர் ஊராகப் போய், வாசலில் நின்று, வீட்டுக்காரர் பெயரை வைத்து வாழ்த்துப் பாடுவது அவர் தொழில். நெல் போடுவார்கள். இப்போது டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள்.

போன தையில் இந்த ஊர் மாயழகு மட்டும் முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நடக்க முடியாமப் போச்சுன்னா இங்கன வந்துருங்க புலவரய்யா. தோட்டத்துல மோட்டார் ரூம் சும்மாதான் கெடக்கு."

ஒரு வருஷமாக அந்தப் பேச்சை ஊன்றிக்கொண்டுதான் நடந்தார்.

இப்போது நடக்க முடியாமல் போய்விட்டது.

தெருவுக்குள் நுழைந்தார். வீட்டுக்கு வீடு முகப்பில், பொங்கலுக்குச் செருகிய காப்புக் கொத்து தொங்கியது. வேப்பிலை சருகாகிவிட்டது. ஆவாரையில் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. கூரைப்பூ மட்டும் வாடத் தெரியாமல் வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு கொத்தாக நின்று நின்று பார்த்துக்கொண்டு போனார். அழகை ரசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். பாதி, மூச்சு வாங்கத்தான்.

கடைசி வீடு மாயழகு வீடு.

வந்ததும் வராததுமாக இடம் கேட்கக் கூடாது. முதலில் பாட்டு. பாடாமல் கை நீட்டுகிற ஆள் இல்லை அவர். துண்டை இடுப்பில் கட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை எடுத்தார்.

மலையுள்ள நாள்வரைக்கும் மழையுள்ள நாள்வரைக்கும்
நிலையுள்ள மாயழகு நெடுநாள் வாழியவே.

குரல் நன்றாக வந்தது. கால் போனாலும் இது போகவில்லை என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பெயர் வருகிற அடியைத் திருப்பித் திருப்பிப் பாடினார்.

மாயழகின் மனைவி ராக்கு உள்ளேயிருந்து வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

பாடி முடித்து, சிரித்தபடி அவளைப் பார்த்தார்.

அவள் நெற்றியில் ஒன்றும் இல்லை.

முகப்பை நிமிர்ந்து பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. வாசலில் கோலம் போட்ட தடம்கூட இல்லை.

தெரு முழுக்கப் பூப் பார்த்துக்கொண்டு வந்த மனுஷன். இதைப் பார்க்கவில்லை.

"தாயி..." என்றார்.

"ஐப்பசில, வரப்பு வெட்டப் போன எடத்துல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தாக. அம்புட்டுத்தேன். அதுக்கப்புறம் அவுக பேர யாருமே வாய்விட்டுச் சொல்லல புலவரய்யா. இன்னைக்கு நீங்கதேன் சொன்னீக."

உட்காரச் சொல்லிச் சோறு போட்டாள். சுடுசோறு. சுண்டவற்றல் குழம்பு. இந்த நேரத்திலும் அது ருசித்தது. தன் மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார்.

மோட்டார் ரூம் நாக்கு நுனிவரை வந்தது.

ஒண்டியாக இருக்கிற பொம்பளையின் தோட்டத்தில் ஓர் ஆம்பளை வந்து படுத்தால் என்ன பேசுவார்கள்? ஊர் ஊராகப் போனவருக்கு ஊர் வாய் தெரியாதா? கடைசிக் கவளத்தோடு சேர்த்து விழுங்கினார்.

"அடுத்த வருசமும் வரணும். அவுக பேரையே வச்சுப் பாடணும்" என்றாள் ராக்கு. முகம் லேசாகத் தெளிந்திருந்தது.

"வர்றேன் தாயி."

போகிற வழியில்தான் தோட்டம். மோட்டார் ரூமில் பூட்டுத் தொங்கியது. பார்க்காமல் போய்விடலாம் என்று நினைத்தார். கால் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தார்.

உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது.

புதுக் கயிறு. யாரும் படுத்துத் தொய்யாத கயிறு. தலைமாட்டில் மண்பானை ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சுவரில், துண்டு மாட்ட ஓர் ஆணி.

தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. கிணற்றுத் திட்டில் ஒரு மைனா தத்திக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கு இரண்டு அடியாவது பாடியிருப்பார்.

கம்பிக்குள் கையை விட்டார். தோள்வரைக்கும் விட்டார்.

கட்டில் எட்டவில்லை.