ரேடியோ பாடுது

ரோசி மூன்று புடவைகளை மடித்துப் பைக்குள் திணித்தாள். நான்காவதை மடிக்காமல் சுருட்டி வைத்தாள்.

"நான் திருவொத்தியூர்ல எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன். இனிமே இந்த வூட்ல எனக்கு இன்னா கீது?" என்றாள், வேண்டுமென்றே சத்தமாக.

முன்னறைத் தரையில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்த அவள் கணவர் சவரிநாதன் திரும்பவில்லை. ஒரு கம்பியின் நுனியைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் இருந்த பன்னிரண்டு வயது மகள் அனிஷாதான் எழுந்து உள்ளே ஓடி வந்தாள்.

"போவாதம்மா."

"பின்ன? ரெண்டு மாசமா ஒரு வார்த்த பேசல. கூப்ட்டா திரும்பறதில்ல. நான் மனுசியா, செவுரா?"

ரோசியின் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில் தொடங்கிய சண்டை இது. "எங்கண்ணன் பக்கத்துல வந்து, 'வாங்க மாப்ள, சாப்டலாம்'னு கூப்ட்டாரு. செலயாட்டம் ஒக்காந்துகினு இருந்தாரே ஒங்க நைனா! அத்தினி பேர் எதிர்ல எங்கண்ணனுக்கு மூஞ்சே செத்துப்போச்சு. வூட்டுக்கு வந்து நாலு வார்த்த கேட்டேன். அதுக்குத்தான் இந்த வீம்பு."

அப்பா வீம்புக்காரர் இல்லை என்று அனிஷாவுக்குத் தெரியும். ஆனால் அம்மா சொல்வதும் பொய் இல்லை.

"இன்னிக்கு ரேடியோ முடிஞ்சிரும்மா. அது பாடிச்சின்னா நைனா குஷியாயிடுவாரு. அப்ப நானே ரெண்டு பேரையும் பேச வெக்கிறேன். அதுவரைக்கும் இரும்மா."

ரோசி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் நசுங்கிய இரும்புப் பெட்டிகளைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்துவது சவரிநாதனின் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த முரட்டுக் கைகளில் நெல்மணி அளவுப் பாகங்களைப் பிடித்துக்கொண்டு மகளோடு உட்காருவார். இருவரும் வீட்டிலேயே செய்துகொண்டிருந்த ரேடியோவுக்கு இது ஆறாவது ஞாயிறு.

போன ஞாயிறே முடித்துவிட்டார்கள். ஆனால் ரேடியோ மூச்சே விடவில்லை. அனிஷா அன்று முழுக்கச் சாப்பிடாமல் அழுதாள். சவரிநாதன் மொத்தத்தையும் கழற்றி, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்.

"வா கண்ணு, இப்டி எதிர்ல ஒக்காரு. இந்தச் செவப்பு ஒயரு எங்க போவுது?"

"ஸ்பீக்கருக்கு நைனா. எங்க ஸ்கூல் மிஸ் சொன்னாங்க, அத மாத்தி வெச்சா..."

அதற்குள் கூட்ஸ் ரயில் வந்துவிட்டது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய அந்தத் தெருவில், கூட்ஸ் போகும்போது எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அனிஷாவும் நிறுத்தினாள்.

"இன்னா கண்ணு, பாதில நிறுத்திட்ட? மாத்தி வெச்சா இன்னாவாம்?"

அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அனிஷா சிரித்தாள். ரயில் போய் முடிந்ததும் மிச்சத்தைச் சொன்னாள். அவர் ஈயத்தை உருக்கிச் சிவப்பு ஒயரைப் பற்றவைத்தார். புகை எழுந்து அடங்கியது.

அந்த நேரத்தில்தான் ரோசி பையோடு அவர்களைத் தாண்டி வாசல்படி இறங்கினாள். சவரிநாதன் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்க வாய் திறந்தார். அவள் நிற்கவில்லை.

"அம்மா கடைக்குப் போவுதா?" என்றார் மகளிடம்.

அனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா ஆட்டோ ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பலகைப் பெட்டியின் பின்மூடியை அவசர அவசரமாக வைத்து நான்கு திருகாணிகளையும் முடுக்கி, அப்பாவிடம் நீட்டினாள்.

சவரிநாதன் குமிழைத் திருகினார். பெட்டியைக் காதோரம் வைத்துக்கொண்டார். அனிஷா அவர் முகத்தையே பார்த்தாள்.

ஒரு நொடி. இரண்டு நொடி. பிறகு அந்த முகம் மலர்ந்தது.

"பாடுது கண்ணு!" என்று தெருவே கேட்கக் கத்தினார். "பழைய பாட்டு. கணீர்னு கீது! என் பொண்ணு செஞ்ச ரேடியோ பாடுது!"

தொடையில் தாளம் போட்டார். தலையை ஆட்டினார். அப்புறம் பெட்டியை மகளிடம் கொடுத்தார். "நீ கேளு, நீ கேளு."

அனிஷா வாங்கிக் காதில் வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள்.

"ஆமா நைனா," என்றாள், அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக. "சூப்பரா கீது."

பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.

ரோசி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோ வந்து நின்றிருந்தது. ஒரு கால் உள்ளே வைத்தவளின் பையை அனிஷா பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"வுடுடி. ஒங்க நைனா கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. ரேடியோ பாட்டு மட்டும் அந்த மனுசன் காதுல நல்லா வுழுது. பொண்டாட்டி கூப்ட்டா வுழ மாட்டேங்குது, இல்ல?"

அனிஷா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பினாள்.

ரோசி பயந்துபோய்க் காலை இறக்கினாள். "ஏண்டி அழுவுற? அதான் ரேடியோ பாடுதே!"

"ரேடியோல நான் இன்னும் பேட்டரியே போடலம்மா."