பாட்டுக்கார மேரியின் கேக்கு

முறத்தில் காய்ந்த திராட்சையைக் கொட்டியதும் பிள்ளைகள் நான்கு பேரும் ஓடிவந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

லூர்துமேரி விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஒரு பழத்தைக் கீறி அதன் கொட்டையை எடுத்தாள்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு இன்னும் மூன்று நாள். நாத்தனார் பிள்ளைகுட்டிகளோடு நேற்றே திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிவிட்டாள். அதிரசத்துக்குப் பாகு மாவு ஊறிக்கொண்டிருந்தது. விருந்துக்கு வாங்கிய சேவல் இரண்டும் காலில் கயிற்றோடு, நடக்கப்போவது தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

கொல்லையில் அடுப்பின் மேல் மணல் பரப்பிய பெரிய தவலை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் கேக்குப் பாத்திரத்தை வைத்து, மூடியின் மேலும் நெருப்புப் போட வேண்டும். அதற்கான கொட்டாங்கச்சி நெருப்பைப் புருஷன் சவுரிராயன் விசிறிக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இந்த வீட்டுக்குத் திருநாள் விருந்தாளி வருவது இதுதான் முதல் தடவை.

மற்ற வருஷமெல்லாம் மார்கழி பிறந்தால் லூர்துமேரி விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட் போர்மேன் துரையின் பங்களாவில் இருப்பாள். அங்கே கேக்கு சுட்டு, விருந்து சமைத்து, கடைசிப் பாத்திரம்வரை கழுவிவிட்டு, அடுப்பு மூட்டாத தன் வீட்டுக்கு வந்து படுப்பாள்.

சீமையில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய இந்த வருஷம் அவளுக்கும் என்னவோ துணிச்சல் வந்துவிட்டது. திருநாளுக்கு வர மாட்டேன், வீட்டில் விருந்து என்று துரைசானியிடம் ஒரு மாதம் முன்பே நேருக்கு நேர் சொல்லிவிட்டாள். துரைசானி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

மேரி சிரிக்கவில்லை. ரயிலேறிப் புதுச்சேரிக்குப் போய்த் திராட்சை வாங்கிவந்தாள்.

"பாடேன் மேரி," என்றாள் நாத்தனார். "எங்க ஊர்ல அத்தினி பேர்கிட்டயும் உம் பாட்டப் பத்திதான் சொல்லிக்கினு இருக்கேன்."

அவள் கேட்டதில் தப்பில்லை. 'பாட்டுக்கார மேரி' என்றால்தான் விழுப்புரத்தில் தெரியும். பங்களாக் கொல்லையில் உட்கார்ந்து திராட்சைக்குக் கொட்டை எடுத்தபடி அவள் மாதா பாட்டுப் பாடினால், ரோட்டில் போகிற வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பான். கைகள் வேலை செய்தாலும் அந்த மகளின் வாய் ஓயாமல் சர்வேசுரனைத் துதிக்கிறது என்று சாமியாரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

மேரி இன்னொரு பழத்தைக் கீறினாள். பாடவில்லை.

"தொர வூட்ல பாடுவே. எங்களுக்குப் பாடுனா வாய் தேஞ்சிடுமா?"

மேரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாத்தனார் மேல் இல்லை.

அப்போதுதான் பங்களாத் தோட்டக்காரன் தாண்டவராயன் வாசலில் வந்து நின்றான். காலையிலேயே ஒருமுறை வந்து, வெறுங்கையோடு திரும்பிப் போனவன்.

"திராட்ச அப்படியே கெடக்குது மேரி, கொட்ட எடுக்க ஆளில்ல. இப்ப வரலன்னா இனிமே வரவே வேணாமாம். உம் புருசனுக்கும் ஷெட்ல வேல இல்லன்னுட்டாங்க துரைசானி. ஜல்தியா கெளம்பு."

கொல்லையில் விசிறிச் சத்தம் நின்றது. சவுரிராயன் அந்தத் துரையின் கீழ்தான் கரி அள்ளுகிறான்.

"போய்ட்டு வந்துடு மேரி," என்று நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்.

மேரி முறத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். கொட்டையை எடுத்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்ததையும் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்ததையும்.

தாண்டவராயன் பதிலுக்காக நின்றான். அவள் அவசரமே இல்லாமல் மென்றாள். பிறகு ஒரு கை நிறைய அள்ளி, கன்னம் இரண்டும் உப்ப அடைத்துக்கொண்டு சொன்னாள்.

"போய்ச் சொல்லுங்கண்ணே. மேரி வாயில பழம் இருக்குது, பாட முடியாதுன்னு."

தாண்டவராயன் தலை குனிந்துகொண்டான்.

நாத்தனாருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. பழத்துக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். மேரியின் வாய் நிறைந்திருந்ததால், தாண்டவராயன்தான் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

தேனை எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம் பக்கத்தில் சிரித்துவிட்டு விடுவார்கள். துரைசானி அப்படி விடுகிறவள் இல்லை. கொட்டை எடுத்து முடிகிறவரை மேரி வாய்விட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முதல் வருஷமே உத்தரவு போட்டுவிட்டாள். பாட்டு நின்றால் உள்ளேயிருந்து மணி அடிக்கும். பாடுகிற வாய் தின்ன முடியாது.

பதினெட்டு மார்கழியில் ஒரு பழம்கூட அந்த வாய்க்குள் போனதில்லை.

நாத்தனார் கொஞ்ச நேரம் மேரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தை இழுத்துப் பிள்ளைகள் நடுவில் வைத்தாள். தானும் ஒன்றை எடுத்து, கொட்டையோடு மென்றாள்.

கொல்லையில் விசிறி மறுபடியும் அசையத் தொடங்கியது.

அந்த வருஷம் பாட்டுக்கார மேரி சுட்ட கேக்கில் திராட்சை ஒன்றுகூட இல்லை.