கரி அடுப்புக்குத் தடை

ஆட்டத்துக்கு முன் ரசிகர்கள் கூடிக் கறி சுட்டுத் தின்னும் கல்லூரிக் கால்பந்து மைதானத்தின் வாகன நிறுத்தத்தில் அன்று புகையே இல்லை. கரி அடுப்பு மூட்டக் கூடாதென்று புது விதி.

“வேலையத்தவன் எவனோ காலேஜுக்குப் போட்ட கடுதாசியால வந்த வினை,” என்று பொருமிய ராய்ஸ், தடையை நீக்கக் கோரும் மனுவையும் பேனாவையும் நீட்டினான். “ஹார்லன், இருபது வருஷமா எங்களுக்கெல்லாம் கறி சுட்டுப் போட்டவரு நீங்க. மொதல் கையெழுத்து உங்களுதுதான்.”

ஹார்லன் பேனாவை வாங்கவில்லை.

“அந்தக் கடுதாசி நான் போட்டது.”

“நீங்களா?”

“போன வருஷம் கடைசி ஆட்டத்தன்னிக்கு, நீங்கல்லாம் போனப்புறம் கரியைப் புல்லுல கொட்டினேன். சாம்பல் பூத்திருந்துச்சு, அணைஞ்சிட்டுதுன்னு நெனச்சேன். எம்பொண்ணு பந்தைப் பிடிக்க வெறுங்காலோட ஓடியாந்தா.”

பின்னால் அவருடைய வண்டிக் கதவு திறந்தது. ஊன்றுகோலை முதலில் வெளியே நீட்டிய சிறுமி, இறங்குமுன் காற்றை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.