கமாவும் புள்ளியும்

"டாக்டர், முதல்ல இவளுக்கு என் மேல என்ன கோவம்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க. என் கையை அப்புறம் பாக்கலாம்."

முடிதிருத்துபவர் எப்போதும் இப்படித்தான், பயம் வந்தால் வாய் நீளும். கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து ஷேவிங்குக்கு வருகிறவர்கள் எல்லாம் "முடி மட்டும் போதும்" என்று நழுவுகிறார்கள். பார்க்கின்சன் நோய் என்று வேறொரு டாக்டர் சொல்லியிருந்தார். அது எவ்வளவு முற்றியிருக்கிறது, கடையை மூடிவிட வேண்டியதுதானா என்பது இன்று தெரிந்துவிடும்.

பக்கத்தில் மனைவி உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு வருஷமா இதே மூஞ்சிதான் டாக்டர். பேத்தி ஆடிக் காட்டினாக்கூடச் சிரிக்கிறதில்ல. நேத்து பால் அடிப்பிடிச்சு தெரு வரைக்கும் நாறுது, அடுப்பு பக்கத்துலயே நிக்கிறா. நடுங்குறவனைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற சலிப்பு, வேறென்ன."

"எனக்கு ஒண்ணும் கோவமில்ல" என்றாள் அவள், பாதி காதில் விழாத குரலில்.

"கேட்டீங்களா? வாயைத் திறந்து பேசக்கூட மனசில்ல."

டாக்டரின் கவனம் கம்ப்யூட்டரில் இருந்தது. திரையில் இரண்டு மூளைப் படங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயாளியோடு கூட வருகிற துணையையும் அதே மெஷினில் படுக்கவைப்பது அவர் வழக்கம். ஒரு படத்தில் இரண்டு கமா போட்டதுபோல் வெளிச்சம். இன்னொன்றில் வெறும் இரண்டு புள்ளிகள்.

"கமாதான் நல்ல மூளை. நோய் முத்த முத்த வால் தேஞ்சு புள்ளியாயிடும்" என்றார்.

முடிதிருத்துபவர் புள்ளிகளையே பார்த்தார். கிண்டலெல்லாம் எங்கோ போய்விட்டது.

டாக்டர் குழப்பத்தோடு டெக்னீஷியனைக் கூப்பிட்டார். "படம் எதுவும் மாறிடுச்சா?"

"இல்ல டாக்டர். எனக்கும் அதே சந்தேகம்தான். திரும்பவும் சரிபார்த்துட்டேன், மாறல."

"அவ்வளவு மோசமா?" முடிதிருத்துபவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "கடையை மூடிடவா டாக்டர்?"

"வேண்டாம். கமா இருக்கிறதுதான் உங்க படம். உங்களுக்குப் பார்க்கின்சன் இல்ல, வெறும் நடுக்கம். மாத்திரையில குறையும்."

அவருக்கு உயிர் வந்தது. "கேட்டியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார். அவள் முகம் அப்போதும் அசையவில்லை.

டாக்டர் நாற்காலியை அவளருகே நகர்த்திக்கொண்டார். "அந்தப் புள்ளிங்க இந்த அம்மாவோடது. நடுக்கம் இல்லாமலும் பார்க்கின்சன் வரும், வாசனை தெரியாது, குரல் தேயும், முகம் இறுகிடும். இந்த ரெண்டு வருஷமும் அவங்க உங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க ஐயா, முகம்தான் அதைக் காட்டல."